பென்சிலில் போட்டு வையுங்கள்

கல்லோடைப்பட்டி தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பாண்டிமீனாவுக்கு எழுதியிருப்பதைப் படிக்க வராது, அழித்ததைப் படிக்க வரும் என்பது, பள்ளி திறந்த நாலாம் நாள் காலை பத்தரை மணிக்குத் தெரிய வந்தது. பிலோமினா டீச்சர் கரும்பலகையில் தன்னுடைய முத்துமுத்தான கையெழுத்தில் 'பட்டம் பறக்குது' என்று எழுதி, பிரம்பால் தொட்டுக் காட்டி, "படி பாப்பா" என்றார். பாண்டிமீனா எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, பலகையை நன்றாகப் பார்த்து, கொஞ்சமும் திக்காமல், "நாளை அதிகாரி வருகிறார், அனைவரும் தலைக்கு எண்ணெய் வைத்து வரவும், கேள்வி கேட்டால் முதல் வரிசை மட்டும் கை தூக்கவும்" என்று படித்தாள். அது போன மார்ச்சில் எழுதியது. அதிகாரி வருவதற்கு முன்பே ஈரத்துணி போட்டு இரண்டு தடவை துடைத்ததும்கூட.

டீச்சருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அவர் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுப் பாடத்தையும் ஒப்பிக்கிற பிள்ளை, மின்விசிறியைப் பார்த்தபடி படிக்கிற பிள்ளை, பக்கத்துப் பெஞ்சின் உதட்டைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை என்று எல்லாம் அவர் கைவழியாகப் போயிருந்தன. இந்தப் பிள்ளையை மதிப்பீட்டுப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் அவர் யோசித்தார். எழுத்து மட்டும் தெரிந்தால் ஒன்று, சொல் படித்தால் இரண்டு, வரி படித்தால் மூன்று, பத்தி படித்தால் நாலு. அழித்ததைப் படித்தால் என்று ஒரு கட்டத்தை யாரும் அச்சடித்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் சுப்புராமனிடம் போய்க் கேட்டார். "எழுதினதப் படிச்சாத்தான டீச்சர் மார்க்கு? அழிச்சதப் படிச்சா யாரு தர்றது? ஒண்ணு போடுங்க" என்றவர், உடனே அவசரமாக, "பேனாவுல போட்றாதீங்க. பென்சில்ல போட்டு வைங்க. மேலேர்ந்து என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார்.

பென்சிலில் போட்டு வைப்பது அந்தப் பள்ளியின் பழக்கம். அந்தப் பள்ளியின் பழக்கம் மட்டும்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். பிள்ளையை எதிரில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி, படித்ததற்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ மூன்றோ மெல்லிசாகப் பென்சிலில் எழுதுவார்கள். பிறகு மேலே இருந்து, அதற்கும் மேலே இருந்து, இந்த வருடம் நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் பத்தி படிக்கிறார்கள் என்கிற செய்தி இறங்கி வரும். அது வந்ததும் ரப்பரை எடுத்துப் பென்சிலை அழித்து, துகளை ஊதிவிட்டு, நீலப் பேனாவால் அழுத்தமாக எழுதுவார்கள். பிள்ளை என்ன படித்தது என்பது பென்சிலுக்குத் தெரியும், பிள்ளை என்ன படித்திருக்க வேண்டும் என்பது பேனாவுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ரப்பர் துகள், அவ்வளவுதான்.

ஊர் அந்தப் பிள்ளையை முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டது. பேருந்து நிறுத்தச் சுவரில் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்த பழைய தேர்தல் வாக்குறுதிகளை அவள் வரிசையாகப் படிக்க, டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் சிரித்து, சிரித்துச் சிரித்துக் கடைசியில் சிரிப்பு நின்று, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். தையல்காரர் வீட்டு இரண்டாம் சம்சாரம், தினம் தண்ணீர் எடுக்கிற எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கழுத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்த இடத்தைக் காட்டி, "இதுல என்ன கண்ணு இருந்துச்சு" என்று கேட்டாள். "என் சரோவுக்கு, உயிர் உள்ளவரை" என்று பாண்டிமீனா படித்தாள். அந்தப் பெண் மூத்தவளின் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிளாஸ்டிக் குடம்தான். கோயில் சுவரில் இருந்த உபயதாரர் கல்லில், கொத்தி எடுக்கப்பட்டிருந்த இரண்டு வரியையும் அவள் படித்தாள். கல்லும் மண்ணும் சுமந்து கொடுத்த கீழத்தெருக்காரர்கள் பதினேழு பேருடைய பெயர் அதில் இருந்தது. மறுநாள் அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டினார்கள். அவள் டைல்ஸுக்கு அடியிலும் படித்தாள். அதற்கடுத்த நாள் கல்லையே பெயர்த்து, கவிழ்த்துப் போட்டு, துணி துவைக்க வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. அழிப்பதை விட்டுவிட்டு எரிக்கத் தொடங்கியது. பெட்டிக்கடையில் ரப்பர் விற்பது நின்றுபோனது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பாவின் பெயர் விடுபட வேண்டுமென்றால் புதிதாகவே அச்சடித்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட, "பென்சில்ல போட்டு வைங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று பேசக் கற்றுக்கொண்டார்கள். பாண்டிமீனா தெருவில் வந்தால் கதவைச் சாத்துகிறவர்கள் சாத்தினார்கள், அந்த அளவுக்கு வெட்கப்படாதவர்கள் படிக்காமலிருக்க முறுக்கு கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், பிலோமினா டீச்சரை வழியில் பார்க்கும்போதெல்லாம் சொன்னது ஒன்றைத்தான்.

"அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் படிக்கச் சொல்லிக் குடுங்க டீச்சர். பாவம்."

டீச்சரும் படாத பாடு படத்தான் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற பிள்ளைகள் விளையாடப் போனதும், ஆசிரியர் அறையில் தன் மேசைக்குப் பக்கத்தில் பாண்டிமீனாவை நிறுத்தி எழுத்து அட்டைகளைக் காட்டினார். தட்டில் மணல் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைத்தார். பெரிதாக எழுதினார், வண்ணத்தில் எழுதினார். எல்லாத் தாளும் அந்தப் பிள்ளைக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. "ஒண்ணுமே எழுதலியே டீச்சர்" என்று அவள் பொய்யில்லாமல் சொன்னாள். ஒருநாள் பொறுமை போய், 'அம்மா' என்று எழுதியிருந்த தாளை டீச்சர் ரப்பரால் பரபரவென்று தேய்த்து வெறுமையாக்கியபோது, "அம்மா" என்றாள் பாண்டிமீனா, சந்தோஷமாக.

அன்றைக்கு டீச்சர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தராத வழி அது. எழுதுவார், முழுக்க அழிப்பார், பிள்ளை படிக்கும். கொஞ்ச நாள் போனதும் ஓர் எழுத்தின் காலை மட்டும் அழிக்காமல் விடுவார். பிள்ளை தயங்கும், தடுமாறும், பிறகு படிக்கும். இன்னும் கொஞ்ச நாளில் அரை எழுத்து, பிறகு ஓர் எழுத்து முழுசாக, பிறகு பாதிச் சொல். எவ்வளவு அழிக்கிறோம் என்பதைக் குறைத்துக்கொண்டே போனால் ஒருநாள் அழிக்காமலே படித்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. டீச்சரின் சேலை மடியில் எந்நேரமும் ரப்பர் துகள் கிடந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த அம்மாள் நல்ல ஆசிரியை. நல்ல ஆசிரியை என்பதால்தான் பின்னால் வருவதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆடி மாதத்தில் ஏதோ புள்ளிவிவரத்துக்காகத் தலைமையாசிரியர் பழைய பதிவேடுகளைக் கேட்டார். டீச்சர் பீரோவைத் திறந்து, எட்டு வருடத்துக்கு முந்தைய ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தார். பக்கத்தில் நின்றிருந்த பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். பிறகு, அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் அழித்திருந்த குறிப்பையும் சேர்த்து, "அழகுராணி. தன் பெயர் மட்டும். ஒண்ணு. எங்கக்கா பேரு டீச்சர் அது."

தாளில் நீல மையில் அழகாக நாலு என்று இருந்தது.

டீச்சருக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் மேலே இருந்து, பத்தில் எட்டுப் பிள்ளைகள் நாலாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து பதினோரு பெயருக்கு அழித்து எழுதினார். அதில் அழகுராணி ஒருத்தி. 'அ' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து நகரத் தெரியாமல், வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளை. அதற்குமேல் படிக்க வைக்க நேரம் இல்லை என்று டீச்சர் அன்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாலு என்று எழுத ஒரு நொடிதான் ஆனது.

அந்த நாலு அந்தப் பிள்ளையோடு கூடவே போனது. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனபோது, 'சரளமாக வாசிப்பாள்' என்ற அட்டையும் போனது. நாலு வாங்கின பிள்ளை படிக்க மாட்டேன் என்று நின்றால் அது திமிர்தானே என்று அங்கே வெளியில் நிறுத்தினார்கள். இரண்டு வருடம் வெளியில் நின்றுவிட்டு, எட்டாம் வகுப்புக்குப் போகாமல் நின்று, வயதைக் கூட்டிச் சொல்லி நூற்பாலைக்குப் போனாள். அங்கே ஓர் எந்திரத்தின் மேல் 'ஓடும்போது மூடியைத் திறக்காதே' என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தது. அழகுராணி திறந்தாள். வலது கையில் மூன்று விரல் போனது. "எழுதித்தான ஒட்டியிருக்கு? படிச்ச பிள்ளைன்னுதான வேலைக்கு எடுத்தோம்?" என்று ஆலையில் அவள் கொண்டுபோயிருந்த 'சரளமாக வாசிப்பாள்' அட்டையைக் காட்டினார்கள். அங்கே காட்ட முடியாத கோபத்தை எல்லாம் அவள் அம்மா பஞ்சவர்ணம் பெண் மேலே இறக்கினாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் அரிசி களையும்போதும் சாணி தெளிக்கும்போதும் அதே பேச்சுதான்: கண்ணு எங்கடி போச்சு, கவனம் எங்கடி போச்சு, படிச்சும் பொட்டக் கண்ணாப் போயிட்டியேடி. "எனக்குப் படிக்க வராதும்மா" என்று அழகுராணி சொன்ன ஒவ்வொரு தடவையும், "டீச்சரே நாலு போட்டிருக்காங்க, பொய் பேசாத" என்று வாயை அடைத்தாள்.

இது ஊருக்கே தெரியும். டீச்சருக்கும் தெரியும். ஆனால் நாலு என்பது தன் பேனாவில் இருந்து வந்தது என்பதை அவர் மறந்திருந்தார், அல்லது மறந்ததுபோல நன்றாகப் பழகியிருந்தார்.

"தப்பாப் படிக்கிற பாப்பா" என்றார் டீச்சர். "அது நாலு." சரியாகப் படித்த பிள்ளையிடம் தப்பு என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதிவேட்டை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அன்றைக்கே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போயிருக்கலாம். பாண்டிமீனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால், அழித்ததைப் படிக்கிற பிள்ளை என்று ஊரே ஒப்புக்கொண்ட வாயால் அந்த 'ஒண்ணு' வெளியே வந்திருக்கும், யாராலும் மறுக்க முடிந்திருக்காது. போகிறேன் போகிறேன் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார், தீபாவளி போகட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது. ஆனால் மதியப் பாடத்தை மட்டும் ஒருநாளும் விடவில்லை. முன்னைவிட வேகமாகச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து தெரியத் தெரிய, அழிந்தது மங்கிக்கொண்டே வந்ததை அவர் பார்த்தார். தீபாவளிக்குள் பாண்டிமீனாவுக்குப் பேருந்து நிறுத்தச் சுவர் வெள்ளையாகிவிட்டது. கார்த்திகையில் அவள் துவைகல்லாகிப்போன அந்த உபயதாரர் கல்லில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. பிள்ளைக்காகச் செய்கிறோமா, தனக்காகச் செய்கிறோமா என்று டீச்சர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் புதிதாக ஒரு வாசிப்புத் திட்டம் தொடங்கியது. திட்டம் தொடங்கும்போது ஒரு மதிப்பீடு, முடியும்போது ஒரு மதிப்பீடு. அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாண்டிமீனா அவர் முன்னால் நின்று, யாரும் தொடாத, ஒரு புள்ளிகூட அழிக்காத புது அட்டையைக் கையில் வாங்கி, ஆட்டுக்குட்டியைத் தொலைத்த ஒருவனைப் பற்றிய கதையை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கேள்வி கேட்கிற இடத்தில் குரலைத் தூக்கினாள். டீச்சருக்குக் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைப்படச் சம்பாதித்த நாலு அது. சந்தேகமே இல்லாத, யாரும் சொல்லாத, உண்மையான நாலு. பென்சிலில்தான் போட்டார், ஆனால் அழுத்திப் போட்டார்.

அதிகாரி போன பிறகு தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"டீச்சர், மேலேர்ந்து சொல்லிட்டாங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒண்ணு இல்லன்னா ரெண்டு. அதுக்கு மேல யாருக்கும் வேண்டாம்."

"பாண்டிமீனா பத்தி படிச்சா சார். அவங்களே கேட்டாங்க."

"படிச்சா நல்லதுதான் டீச்சர், யாரு இல்லன்னா? ஆனா இப்பவே நாலு போட்டா கடைசில வளர்ச்சி எப்படிக் காட்டுறது? ஏப்ரல்ல நாலு போடுங்க, யாரு கேக்கப்போறா. இப்ப ஒண்ணு போடுங்க."

டீச்சர் மேசைக்கு வந்து ரப்பரை எடுத்தார். ஒரு வருடம் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினார். இந்த வருடம் இறக்கச் சொல்கிறார்கள். நாலை அழித்தார், அழுத்திப் போட்டதால் நாலைந்து தடவை தேய்க்க வேண்டியிருந்தது. துகளை ஊதினார். நீலப் பேனாவால் ஒன்று என்று எழுதினார். பழக்கத்தில் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்த பாண்டிமீனா எட்டிப் பார்த்துப் படித்தாள். இப்போது அவளுக்கு எழுதியது நன்றாகத் தெரியும்.

"பாண்டிமீனா. ஒண்ணு." பிறகு மெதுவாக, "நான் நல்லாத்தான டீச்சர் படிச்சேன்?"

"நல்லாப் படிச்ச கண்ணு. இது சும்மா எழுதுறது."

"எங்க தப்பு விட்டேன் டீச்சர்?"

அந்தக் கேள்வியை எட்டு வருடத்துக்கு முன்னால் அக்கா கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. அன்று மாலை டீச்சர் பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சனிக்கிழமை காலை, சூரியன் ஏறுவதற்குள் கீழத்தெருவுக்கு நடந்தார்.

பஞ்சவர்ணம் வாசலில் சாக்கை விரித்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அழகுராணி, இடது கையால் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில், தாவணி முந்தானைக்குள் இருந்தது. பாண்டிமீனா உள்ளே இருந்து ஓடி வந்து டீச்சருக்கு மணை எடுத்துப் போட்டாள்.

"வாங்க டீச்சர்" என்றாள் பஞ்சவர்ணம். "சின்னவ நல்லாப் படிக்கிறாளாமே. உங்க புண்ணியம்."

டீச்சர் உட்காரவில்லை. பதிவேட்டை விரித்து, நின்றபடியே, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். "பஞ்சவர்ணம், அழகுராணிக்குப் படிக்க வராது. அஞ்சாம் வகுப்புல அவ பேரத் தவிர ஒண்ணுமே படிக்கல. நான் ஒண்ணுதான் போட்டேன். அப்புறம் அழிச்சிட்டு நாலு போட்டேன். அந்த மிஷின் மேல ஒட்டியிருந்தத அவளால படிச்சிருக்க முடியாது. அவ மேல தப்பில்ல. தப்பு எம்மேலதான்."

அழகுராணிதான் முதலில் பேசினாள், தலையைத் தூக்காமல்.

"ஆடியிலயே சின்னவ வந்து சொல்லிட்டா டீச்சர். அம்மா நம்பல. டீச்சர் வந்து சொல்லட்டும்னுச்சு. ஆறு மாசமா உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

பஞ்சவர்ணம் கையில் இருந்த புளியைச் சாக்கில் போட்டாள். "இப்படிச் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். "மூணு வருஷமா இவள வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக் கெடந்தப்பவே பேசினேன். இப்ப வந்து அது இல்லங்காதீங்க. அவளப் பாக்க முடியாம நீங்க ஏதோ மனசு எளகிச் சொல்றீங்க."

"சத்தியமாச் சொல்றேன்."

"எழுதியிருக்குல்ல? எழுதினதுதான டீச்சர் நெசம்."

டீச்சர் கடைசியாக மிச்சம் இருந்ததைச் செய்தார். பதிவேட்டைப் பாண்டிமீனாவிடம் நீட்டி, "நீ படி பாப்பா. முன்னாடி படிச்சியே, அத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றார். குரல் கெஞ்சியது.

பாண்டிமீனா எழுந்து நின்று, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, விரல் வைக்காமல், கொஞ்சமும் திக்காமல் படித்தாள். "அழகுராணி. நாலு."

"நல்லாப் பாரு. அடியில வேற ஏதாச்சும் தெரியுதா?"

பிள்ளை கண்ணைச் சுருக்கி, தாளை வெளிச்சத்தில் பிடித்து, டீச்சர் சொல்கிறாரே என்பதற்காக நிஜமாகவே தேடிப் பார்த்தது. "இல்ல டீச்சர். நாலுதான். அழகா எழுதியிருக்கீங்க."

"பாத்தீங்களா" என்றாள் பஞ்சவர்ணம், மூச்சு வந்தவளாக. "பிள்ளையே படிச்சிருச்சு."

அழகுராணி இடது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தங்கையிடம் இருந்து பதிவேட்டை வாங்கினாள். அவளுக்கு அதில் எதுவும் புரியாது. "எந்த எடம்?" என்று கேட்டாள். பாண்டிமீனா காட்டினாள். அழகுராணி அந்த இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினாள். பிறகு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் என்று தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தன் இடத்துக்கு வந்தாள்.

"இந்த எடம் தேஞ்சிருக்கும்மா" என்றாள். "தாளு மெலிசாயிருக்கு. தொட்டுப் பாரு."

பதிவேட்டை அம்மாவின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"கை பூராவும் புளியா இருக்குடி" என்றாள் பஞ்சவர்ணம். தண்ணீர்க் குடம் அவளுக்குப் பின்னால், எட்டும் தூரத்தில்தான் இருந்தது.